முனுசாமிக்கு ஏழு, மோசசுக்குப் பன்னிரண்டு

மோசசுக்கு இரண்டு பெயர். அந்தக் காலனியில் அது அதிசயமில்லை, முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான். சர்ச்சில் தலையில் தண்ணீர் ஊற்றி வைத்த பெயர் ஒன்று. பள்ளிக்கூடத்திலும் ரேஷன் கார்டிலும் சாதிச் சான்றிதழிலும் ஏறிய பெயர் இன்னொன்று. வாய்க்கு மோசஸ், பேப்பருக்கு முனுசாமி. கும்பிடுகிற இடத்தை மாற்றிக்கொண்டாலும் ஊர் அவர்களை நிறுத்தி வைக்கிற இடம் மாறவில்லை. ஆனால் சர்க்கார் கணக்கில் சாமி மாறினால் சாதியும் மாறிவிடும், அதோடு சலுகையும் போய்விடும். அதனால் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பெயர், மிச்ச நாளுக்கு ஒரு பெயர். இதை யாரும் பொய் என்று நினைத்ததில்லை. மழைக்குக் குடை பிடிப்பது பொய்யா?

அவர் பெண்டாட்டி ஜெசிந்தாவுக்குக் கார்டில் ராஜம். மகள் பிறந்தபோதுதான் கொஞ்சம் புத்தி வந்து, இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரே பெயராக வைத்தார்கள். கவியா. அவள் இப்போது செங்கல்பட்டில் அரசாங்கக் கல்லூரியில் நர்சிங் இரண்டாம் வருஷம். ஆதிதிராவிடர் கோட்டாவில் சீட்டு, ஆதிதிராவிடர் விடுதியில் சோறு, ஆதிதிராவிடர் உதவித்தொகையில் புத்தகம். எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது தாலுகா ஆபீஸ் கொடுத்த ஒரு சான்றிதழ். அதில் தகப்பன் பெயர் முனுசாமி, மதம் இந்து.

மோசஸ் வேலை பார்த்தது மறைமலை நகர்ப் பக்கம், கார் கதவுக்குத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில். கம்பெனி ஆள் இல்லை, காண்ட்ராக்டர் ஆள். சேர்ந்த நாள் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. கேட்டில் வரிசை, ஒரு மேசை, ஒரு கிளார்க். மோசஸ் ரேஷன் கார்டை நீட்டிக்கொண்டு நின்றார். கிளார்க் அதைத் தொடக்கூட இல்லை. உள்ளேயிருந்து லோடிங் சூப்பர்வைசர் ஜான்சன், அதே காலனிக்காரன், சர்ச்சில் பக்கத்து பெஞ்சுக்காரன், "அது மோசஸு சார், நம்ம ஆளு, எழுதிக்கோ" என்று குரல் கொடுத்தான். எழுதிக்கொண்டார்கள். சம்பளத்தில் பி.எஃப். பிடித்தம் அந்தப் பெயரில்தான் போயிற்று.

பன்னிரண்டு வருஷம் கழித்து எல்லாக் கணக்கிலும் ஆதாரை இணைக்கச் சொன்னார்கள். காண்ட்ராக்டர் ஆபீசில் நம்பரைத் தட்டினால் முனுசாமி வந்தது, மோசஸ் வரவில்லை. பழைய பெயரைத் திருத்த வேண்டுமென்றால் நாலு கடிதம் எழுத வேண்டும். புது ஆளைச் சேர்க்க நாலு தட்டு போதும். மோசஸ் வேலையை விட்டு நின்றதாகப் போட்டார்கள். முனுசாமியைப் புதிதாகச் சேர்த்தார்கள். அன்றைக்கும் அவர் பிரஸ்ஸுக்குத் தகடு தூக்கிக்கொண்டுதான் இருந்தார். தான் நின்றதும் அவருக்குத் தெரியாது, சேர்ந்ததும் தெரியாது.

ஐம்பத்தெட்டு முடிந்த அன்றைக்கு ஒரு துண்டு போர்த்தி, ஒரு ஸ்வீட் டப்பா கொடுத்து அனுப்பினார்கள். பத்தொன்பது வருஷத்தில் இடுப்பு போயிருந்தது. குனிந்தால் நிமிர ஒரு ஆள் வேண்டும். சர்க்கரை வேறு. ஜெசிந்தா மாமல்லபுரம் ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் அறை கழுவுகிறவள். அவள் முட்டியும் வீங்கிக் கிடந்தது. "உன் பென்ஷன் வந்தா நான் பக்கெட்ட கவுத்துட்டு வூட்ல குந்திக்குவேன்யா" என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு சொல்லில்தான் அவள் ஒவ்வொரு அறையாகக் கழுவிக் கடந்தாள்.

பி.எஃப். ஆபீசில் கவுண்டரில் இருந்த வைஷாலி என்ற பெண் நல்ல பெண். திரையைத் தன் பக்கமிருந்து திருப்பி அவருக்கே காட்டினாள்.

"ஐயா, முனுசாமிங்கற பேர்ல ஏழு வருஷம்தான் இருக்கு. பென்ஷனுக்குப் பத்து வருஷம் வேணும்."

"நான் பத்தொம்போது வருஷம் செஞ்சேம்மா."

"மீதி பன்னெண்டு வருஷம் மோசஸ்ங்கற பேர்ல இருக்கு. அதுல ஆதார் இல்ல. அது யாருன்னு எங்களுக்குத் தெரியாது."

"அதுவும் நான்தாம்மா."

"நீங்கதான்னு எனக்குப் புரியுது ஐயா. ஆனா ரெண்டும் ஒரே ஆள்தான்னு கம்பெனியும் நீங்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுத் தரணும். ஏன் ரெண்டு பேரு வந்துச்சுன்னு காரணம் எழுதணும். அது வந்துட்டா மாசம் நாலாயிரம் கிட்ட வரும்."

நாலாயிரம். அந்தத் தொகையை மோசஸ் ஊருக்குத் திரும்பும்வரை வாயில் போட்டு அடக்கிக்கொண்டே வந்தார்.

காண்ட்ராக்டர் பரணிதரன் இளைஞன். அப்பன் ஆரம்பித்த தொழிலை எடுத்து நடத்துகிறவன். வாசலில் அவரைப் பார்த்ததும் சிரித்தான்.

"வா பெருசு. இன்னா, வூட்ல பொழுது போவலியா? குந்து. டீ சொல்லட்டா?"

மோசஸ் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். பரணிதரன் பாதியிலேயே தலையாட்டினான். இந்தக் கதை அவனுக்குப் புதிதில்லை போலிருந்தது. ஆடிட்டரோடு போனில் பேசினான். டைப் அடிக்கச் சொன்னான். டீ ஆறுவதற்குள் கடிதம் வந்துவிட்டது. இவ்வளவு சுலபமா என்று மோசசுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"ஒரு தபா படிச்சிக் காமி சார். எனக்குக் கண்ணு மங்கல்."

பரணிதரன் படித்தான். "மேற்படி தொழிலாளி கிறிஸ்தவ மதத்துக்கு மாறியவர் என்பதாலும், வேலையில் சேரும்போது தமது ஞானஸ்நானப் பெயரையே தெரிவித்ததாலும், இரண்டு பெயர்கள் பதிவாயின."

மோசஸ் டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"நான் தெரிவிக்கல சார். கார்டு நீட்டுனேன். உங்க கிளார்க்குதான் பாக்கல. ஜான்சன் கத்துனான், அவரு எழுதிக்கினாரு."

"இருக்கலாம். அந்தாளு செத்துப் பூட்டாரு."

"எங்க தப்புன்னு ஒரு வரி எழுதேன் சார். ஒரே ஒரு வரி."

"எழுதுனா உன் ஒருத்தனோட முடியுமா? இந்த மாதிரி கேஸு எங்கிட்ட எத்தன கீது தெரியுமா? ஒருத்தனுக்குத் தப்புன்னு எழுதுனா அத்தன பேருக்கும் ஃபைன் கட்ணும். தொழில மூடிட்டு நானும் உங்கூட வந்து டீ குடிக்க வேண்டியதுதான்."

"அப்ப பட்டப் பேருன்னாவது எழுது."

"பட்டப் பேர எங்க கிளார்க்கு எழுதுனான்னா அதுவும் எங்க தப்புதானே பெருசு? ஆடிட்டர் சொன்ன வாசகம் இது. இது உண்மதானே? நீ சர்ச்சுக்குப் போறியா இல்லியா?"

உண்மைதானே என்றுதான் அவன் கேட்டான். மோசசால் பொய் என்று சொல்லவும் முடியவில்லை, ஆமாம் என்று சொல்லவும் முடியவில்லை.

"பொண்ணு படிக்குது சார். ஆதிதிராவிடர் சர்டிபிகேட்டு."

பரணிதரனுக்கும் புரிந்துவிட்டது. புரிந்த பிறகுதான் அவன் கையெழுத்தைப் போட்டான், முத்திரையைக் குத்தினான், காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தினான். "என் கையெழுத்து நான் போட்டுட்டேன். நீ போடறதும் வுடறதும் உன் இஷ்டம். ஆபீசுக்கு வந்தவன வெறுங்கையா அனுப்பிச்சேன்னு பேர் வரக்கூடாது பாரு."

சனிக்கிழமை கவியா விடுதியிலிருந்து வந்திருந்தாள். அவளே கடிதத்தை வாய்விட்டுப் படித்தாள். ஜெசிந்தா சுவரில் சாய்ந்து, முட்டியில் தைலம் தேய்த்தபடி கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"கையெழுத்தப் போட்டுக் குடுத்துட்டு வாய்யா. அங்க போற கடுதாசி அங்கியே கெடந்து மக்கும். அத எவன் தாலுகா ஆபீசுக்குத் தூக்கினு வரப் போறான்?"

"ஏசுபாதம் புள்ளைக்கு யாரு தூக்கினு வந்தாங்க?" என்றார் மோசஸ்.

அந்தக் கதை காலனிக்கே தெரியும். ஏசுபாதத்தின் பையனுக்கு மின்சார வாரியத்தில் வேலை உத்தரவு வந்தது. பொறாமையில் எவனோ ஒரு மொட்டைப் பெட்டிஷன் போட்டான். விசாரணைக்கு வந்தவர்கள் வீட்டுச் சுவரில் மாதா படம் மாட்டியிருந்த ஆணி ஓட்டையைக்கூடப் பார்த்துவிட்டுப் போனார்கள். படத்தை முன்னாடியே கழற்றி ஒளித்திருந்தார்கள், ஆனால் ஆணி ஓட்டையை எங்கே ஒளிப்பது? பையன் இப்போது செய்யூரில் சவுக்கு வெட்டுகிறான்.

"அது வேற, இது வேற" என்றாள் ஜெசிந்தா. குரலில் முன்பு இருந்த தெம்பு இல்லை. "கம்பெனிக்காரன் முத்திரை குத்தி, நீயும் கையெழுத்துப் போட்டு..." அவளே நிறுத்திக்கொண்டாள். மொட்டைப் பெட்டிஷனுக்கே அந்தக் கதி. அப்பனே தன் கைப்பட எழுதிக்கொடுத்தால் எந்தச் சாமி வந்து காப்பாற்றும்?

கவியா கடிதத்தை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"நைனா, இப்ப வேணாமே. நான் முடிச்சிக்கறேன்."

"முடிச்சா?"

"முடிச்சா..." அவள் யோசித்தாள். முடித்தால் வேலை, வேலைக்கும் அதே சான்றிதழ். வேலை கிடைத்தால் அதைக் காப்பாற்றவும் அதே சான்றிதழ். அவள் உயிரோடு இருக்கும்வரை அந்தக் கடிதத்துக்கு நல்ல நேரம் என்று ஒன்று வரப்போவதில்லை. அது அவளுக்கும் தெரிந்தது. ஆனாலும் 'போட்டுக் கொடு நைனா, எனக்குப் படிப்பு வேண்டாம்' என்று அவள் சொல்லவில்லை. மோசஸ் அதற்காக அவள் மேல் கோபப்படவில்லை. அப்படிச் சொல்லிவிடுவாளோ என்றுதான் பயந்திருந்தார். சொல்லாமல் விட்டதும் நெஞ்சில் ஏதோ இறங்கியது. அது நிம்மதியா வலியா என்று அவருக்கே பிடிபடவில்லை.

ஜெசிந்தா தைல பாட்டிலை மூடினாள். "நாளைக்கு ரிசார்ட்ல கல்யாண பார்ட்டி. மொத்த ரூமும் ஃபுல்லாம்" என்றாள். பென்ஷனைப் பற்றி அவள் அதற்குப் பிறகு பேசவேயில்லை.

வைஷாலிக்கு அவர் முகம் நினைவிருந்தது. "வாங்க ஐயா, லெட்டர் வாங்கிட்டீங்களா?" என்று கையை நீட்டினாள். கடிதம் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. வரும் வழியெல்லாம் வேறு ஏதாவது ஒரு வழி தோன்றிவிடும் என்று நினைத்துத்தான் எடுத்து வந்திருந்தார். மதுராந்தகத்தில் ரயில் ஏறியபோது தோன்றவில்லை. பொத்தேரியில் படிக்கிற பிள்ளைகள் வழியில் கும்பலாக ஏறி, சிரித்து, இறங்கினார்கள். அப்போதும் தோன்றவில்லை.

"லெட்டர் இல்லம்மா."

"கம்பெனியில தரலையா? நான் வேணா நோட்டீஸ் அனுப்பட்டுமா?"

நோட்டீஸ் போனால் அவர்கள் இதே வாசகத்தை அவர் கையெழுத்து இல்லாமலே எழுதி அனுப்புவார்கள்.

"வேணாம்மா. அந்த மோசஸு நான் இல்ல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "போன தடவ நீங்கதான்னு சொன்னீங்களே."

"தப்பா சொல்லிட்டேன். அது வேற ஆளு."

"ஐயா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அந்தப் பணம் யாரும் கேக்காம அப்படியே கெடக்கும். பென்ஷனும் கெடைக்காது. உங்களுக்கு அவரத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாதும்மா."

சொன்ன பிறகுதான் இதே வார்த்தையைக் கர்த்தரின் சீடன் ஒருவன் சொன்னதாக வருஷா வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை வாசிக்கக் கேட்டது நினைவுக்கு வந்தது. அவனாவது பிறத்தியானைத் தெரியாது என்றான். அதற்கே வெளியே போய் அழுதான். மோசசுக்கு அழுகை வரவில்லை. இடுப்புதான் விண்ணென்று தெறித்தது.

வைஷாலி வேறொரு படிவத்தை எடுத்தாள். ஏழு வருஷத்துக்குப் பென்ஷன் இல்லை. அந்தப் பங்கை மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம், எடுத்துவிட்டால் அதோடு கணக்கு முடிந்தது என்று மெதுவாக விளக்கினாள். "கடைசியா ஒரு தடவ கேக்கறேன்" என்று ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவர் முனுசாமி என்று கையெழுத்துப் போட்டார். எழுத்து எழுத்தாக, பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த மாதிரி.

திரும்பும் ரயிலில் மறைமலை நகரில் ஷிப்டு முடிந்த கூட்டம் ஏறியது. ஜான்சன் அவரைப் பார்த்துவிட்டு, ஆட்களைத் தள்ளிக்கொண்டு வந்து பக்கத்தில் இடித்து உட்கார்ந்தான்.

"இன்னா மச்சான், பென்ஷன் ஆபீசரு, எங்க போய்ட்டு வர?"

"சும்மா, பி.எஃப். ஆபீசு."

"ஆச்சா?"

உண்மையைச் சொன்னால் ஏன் என்று கேட்பான். ஏன் என்பதைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமைக்குள் காலனி முழுக்கப் போய்விடும். ஜான்சன் கெட்டவன் இல்லை. வாய் மட்டும்தான் பெரியது.

"ஆச்சு."

"எவ்ளோ?"

"நாலாயிரம்."

"அட்ரா சக்க. பத்துல ஒண்ணு சர்ச்சுக்குக் குடுத்துடு. மிச்சத்துல எனக்கொரு பிரியாணி." தோளில் தட்டினான். "நான்தானேடா உன்ன அந்த கேட்டுல சேத்துவுட்டது? மறந்துட்டியா?"

"மறக்கல."

ரயில் சிங்கப்பெருமாள் கோயிலில் நின்று கிளம்பியது. மோசஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஜான்சா, உனக்குத் தெரிஞ்ச எடத்துல வேல எதுனா கீதா? வாட்ச்மேன் மாதிரி. குனியாத வேல."

ஜான்சன் சிரித்தான். "பென்ஷன் வாங்கினு வேலயும் கேக்கறான் பாரு. பேராசடா உனக்கு."

"பொழுது போவல."

"கடலோரமா எறா பண்ணையில ஆள் கேட்டாங்க. ராவெல்லாம் முழிச்சிகினு இருக்கணும். சொல்லி வெக்கட்டா?"

"சொல்லு."

ஜான்சன் அப்போதே போனை எடுத்தான். எதிர்ப்பக்கம் எடுத்ததும், ரயில் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தினான். "சார், ஒரு ஆளு கீது, நம்ம ஆளுதான், பேரு மோ..."

மோசஸ் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். பிரஸ் ஷாப்பில் தகடு பிடித்த பிடி. ஜான்சன் முகம் சுளித்தான்.

"முனுசாமின்னு சொல்லு" என்றார். "சரியாச் சொல்லு."