ஓரக்கோட்டை ஒட்டி எழுதவும்

எங்கள் துறைத்தலைவர் அங்கமுத்துவுக்குக் காகிதத்தில் இடம் விட்டால் பிடிக்காது. ரெக்கார்டு நோட்டில் புரோகிராமின் எல்லா வரிகளும் சிவப்பு ஓரக்கோட்டை ஒட்டித்தான் ஆரம்பிக்க வேண்டும். ஒரு வரியை உள்ளே தள்ளி எழுதினாலும் பக்கத்தையே கிழித்துவிடுவார். பெரம்பலூர் பக்கத்தில் அந்த இன்ஜினியரிங் கல்லூரியில் நான் விரிவுரையாளராக இருந்த மூன்று வருஷமும் பிள்ளைகள் அப்படித்தான் எழுதினார்கள். எந்த வரி எதற்குள் அடங்கியது என்று எழுதியவர்களுக்கே தெரியாது. அவருக்கும் தெரியாது என்பது என் நெடுநாள் சந்தேகம்.

2005-ல் லெப்பைக்குடிக்காட்டு மர்ஜியா கடைசி வருஷப் பிராஜெக்டைப் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் செய்திருந்தாள். நான்தான் அவளுக்கு கைடு. நாங்கள் நடத்தும் சி மொழியில் ஒரு நிபந்தனைக்குள் அடங்கும் வரிகளை ஃப்ளவர் பிராக்கெட்டுக்குள் போட வேண்டும். பைத்தானில் அது கிடையாது. உள்ளே தள்ளி நிற்கும் வரிகள்தான் மேலே உள்ள நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவை. அங்கமுத்து கையெழுத்துப் போட்டால்தான் அவள் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், உட்கார முடியும். வைவாவுக்கு நாலே நாள்.

"எடம் விட்டு எழுதறதெல்லாம் ஒரு லாங்குவேஜாம்மா? ஒரு ஸ்பேஸ் நவுந்தா அர்த்தமே மாறிடும். பிராக்கெட் போட்டாத்தான் பத்திரம். சி-ல மாத்தி எழுதிட்டு வா" என்றார்.

அவர் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. அந்த வாயிலிருந்து வந்ததால் எனக்கு அதுவும் கசந்தது.

அன்றைக்கே நோட்டீஸ் போர்டில் இன்டர்னல் மார்க் போட்டார்கள். ஒருநாள்கூட லீவு எடுக்காத மர்ஜியாவுக்கும் ஐந்து மார்க் குறைந்திருந்தது. வகுப்பில் அத்தனை பேருக்கும் அப்படியே. மார்க் கணக்குப் போட்டது அங்கமுத்து சி-யில் எழுதிய புரோகிராம். பெருமைக்காக அதையும் அச்செடுத்துப் பக்கத்திலேயே குத்தி வைத்திருந்தார்.

மர்ஜியா அதை நோட்டில் உள்தள்ளி எழுதிப் பார்த்தாள். பிறகு அவர் அறைக்கே கொண்டுவந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"வருகை குறைஞ்சா, 'குறைவு'ன்னு போடணும், அஞ்சு மார்க் கழிக்கணும். இது ரெண்டு வரி சார். நீங்க பிராக்கெட் போடாததால மொத வரியோட நிபந்தனை முடிஞ்சிடுது. கழிக்கிற வரி வெளியே நிக்குது. அதான் எல்லாருக்கும் கழிஞ்சிருக்கு. பைத்தானா இருந்தா பாத்ததுமே தெரிஞ்சிருக்கும் சார்."

அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். பேனாவை எடுத்து இரண்டு பிராக்கெட்டைப் போட்டார்.

"பாத்தியா, பிராக்கெட் போட்டதும் சரியாப் போச்சு" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அருவருப்பும் சேர்ந்து வந்தன. அவர் என் பக்கம் திரும்பினார். "கைடு நீங்கதானே? நீங்க என்ன சொல்றீங்க?"

அந்த மாதம் என் வேலை நிரந்தரமாகவேண்டியிருந்தது. அதற்கான ஃபைல் அவர் மேஜையில் கிடந்தது.

"சி-ல மாத்திடறதுதான் நல்லதுங்க சார்" என்றேன்.

நாலு நாளில் மாற்றிவிட்டாள். கையெழுத்து கிடைத்தது, வைவாவும் முடிந்தது. பிராஜெக்ட் புத்தகத்தின் நன்றியுரையில் அங்கமுத்துவுக்கு நாலு வரி நன்றி சொல்லியிருந்தாள். லேபைப் பூட்டித் திறக்கும் பச்சையம்மாளுக்கும் ஒரு வரி இருந்தது. என் பெயர் இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.