சூட்டைப் பார்க்கும் கண்

முதலைக் கூடு தேட விடிந்தும் விடியாத நேரம்தான் தோது. காடு குளிர்ந்து கிடக்கும். அழுகும் இலைக்குள் முட்டையை மூடி வைத்திருக்கும் கூடு மட்டும் சூடாக இருக்கும். ட்ரோனின் வெப்பக் கேமராவில் சூடானதெல்லாம் வெள்ளை, குளிர்ந்ததெல்லாம் கறுப்பு. தல்வீனா தோணியில் இருந்தபடி ட்ரோனை ஓட்டுவாள். அவள் காட்டும் இடத்துக்கு அண்ணன் ஒஸ்மரீனு கம்போடு நடந்துபோய்க் கூட்டைக் கிளறிப் பார்ப்பான். தாய் முதலை பக்கத்தில்தான் கிடக்கும். ஆபத்து என்றால் அவன் ஓடிவந்து ஏற இந்தத் தோணியை விட்டால் கதியில்லை.

அன்று கரையில் இறங்கியதும் ஒஸ்மரீனு வழக்கம்போல ஒரு துண்டுப் புகையிலையை மரவேரில் வைத்தான். அது குருப்பீரா என்ற காட்டு ஆவிக்குப் படையல். பாதம் பின்பக்கம் திரும்பிய அந்தக் காட்டுக்காரன், தெரிந்த ஆள்போல வேஷம் போட்டு வந்து வழி கெடுப்பான் என்பது ஆற்றங்கரையில் குழந்தைக்கும் தெரியும். கூடுகளைக் கணக்கெடுக்க அவர்களை அனுப்பிய ஆய்வு நிலையமோ காட்டுக்குள் ஒரு தூசிகூடப் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. தல்வீனா புகையிலையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

“அவனுக்கு வச்சதையே எடுக்கிறியே, உனக்குக் கொழுப்புடி.”

“குப்பை கிடந்தா நான்தான் திட்டு வாங்கணும். போண்ணே, பெரிய பக்திமான்!”

அவன் சிரித்துக்கொண்டே நாணலுக்குள் மறைந்தான். திரையில் கூட்டின் வெள்ளைப் பொட்டை நோக்கி இன்னொரு வெள்ளைப் பொட்டு நகர்ந்தது. அந்த நேரம் பார்த்து வாக்கி டாக்கி கரகரத்து அடங்கிவிட்டது. அதைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாணல் விலகியது. ஒஸ்மரீனு வந்து தோணியின் முன்பலகையில் அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான்.

“அதுக்குள்ளயா? கம்பு எங்கண்ணே?”

“போலாம்.”

வேறு நாளாக இருந்தால் இதற்குள் நாலு கேலி வந்திருக்கும். முதலையைப் பார்த்து மிரண்டுவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்து அவள் ட்ரோனைத் திருப்பினாள். திரையில் கூடு தெரிந்தது. அதன் பக்கத்தில் ஒரு வெள்ளை உருவம் குனிந்து கம்பால் கிளறிக்கொண்டிருந்தது. ட்ரோன் தோணிக்கு மேலே வந்து நின்றது. தோணியில் ஒரே ஒரு வெள்ளை உருவம் இருந்தது. அது அவள்தான்.



“போலாம்,” என்றது அந்த முதுகு, அதே குரலில்.

துடுப்பைப் போட்டால் அண்ணனை முதலைக்கு விட்டுவிட்டுப் போவதுதான். அவள் தலை நிமிராமல் புகையிலையை எடுத்து முன்பலகைப் பக்கம் தள்ளினாள்.

“தப்பு என்னோடதுதான். எடுத்துக்கோ. எங்கண்ணன விட்டுடு.”

தோணி ஆடிக் கரையை விட்டுக் கொஞ்சம் விலகியது. முன்பக்கம் பாரம் இறங்கி மேலே எழும்பியது. நிமிர்ந்தபோது அங்கே யாருமில்லை, புகையிலையும் இல்லை. பலகை மட்டும் ஈரமாக இருந்தது.

பேட்டரி தீர்ந்து ட்ரோன் அவள் காலடியில் இறங்கி அணைந்தது. திரை இருண்டுவிட்டது. அப்போது நாணல் மறுபடியும் விலகியது.

“என்னடி பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க? தோணியக் கிட்ட கொண்டா!”

கையில் கம்பு இருந்தது. பேச்சில் கேலியும் இருந்தது. ஆனாலும் அவள் துடுப்பை அசைக்கவில்லை. அவனுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு முதுகு தண்ணீரைப் பிளந்துகொண்டு வந்தது.

“சீக்கிரம்டி, தாய்க்காரி வந்துட்டா!”

கை எட்டும் தூரத்துக்கு மட்டும் தோணியைத் தள்ளினாள்.

“மொதல்ல கையக் கொடு.”

அவன் நீட்டினான். அவள் தொட்டாள். சுட்டது. ஓவென்று அழுதபடியே அவனைத் தோணிக்குள் இழுத்துப் போட்டாள்.