எழுபதில் நிற்க வேண்டிய முள்

என் மகளின் மூச்சுக்கு வந்த முதல் விலை நாற்பத்தைந்து ரூபாய். கேட்டவர் நீதிமன்றத்தில் வழக்காடும் புரொக்டர் ராஜரத்தினம். எதற்கு விலை வைக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஐந்து ரூபாய் குறைத்துத்தான் கேட்டிருப்பார். கண்டிக் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்த எனக்கு மனிதரைத் தெரியும்.

தேயிலை விலை விழுந்து தோட்டத்து வெள்ளைத் துரைமார் கப்பலேறிய காலம் அது. புசல்லாவைப் பக்கம் ஒரு பங்களாச் சாமான்கள் ஏலம் போனபோது, கதிரையையும் அலுமாரியையும் மற்றவர்களுக்கு விட்டுவிட்டு நான் ஒரு சுருட்டுப் பெட்டியை எடுத்தேன். வாசமடிக்கும் சிவந்த மரம், மூடினால் காற்றுப் புகாது. உள்ளே இரண்டு அடுக்கு ஹவானாச் சுருட்டு, அடுக்குக்குப் பன்னிரண்டு. மூடியின் உட்புறம் இரண்டு வட்டக் கண்ணாடிகள். ஒன்று சூட்டைச் சொல்லும், மற்றது ஈரத்தைச் சொல்லும். இரண்டு முள்ளும் எழுபதில் நிற்க வேண்டும் என்றான் ஏலக்காரன். கூடினால் பூஞ்சணமும் புழுவும். குறைந்தால் இலை வெடிக்கும். ஈரத்துக்கு ஒரு பித்தளைத் தட்டில் கடற்பஞ்சு. அதை நல்ல தண்ணீரில் நனைத்து வைக்க வேண்டும். மாமியாரைவிட அதிகம் கவனிப்புக் கேட்கிற சாமான் என்று நினைத்துக்கொண்டேன். என் கடையில் புழுதி என்பதால் வீட்டில் வைத்து, ஆள் பார்த்து விற்பதாக எண்ணம்.

முப்பத்துநான்காம் வருடம் மழை பொய்த்தது. கிணறுகளில் சேறு. ஈர முள் ஐம்பதுக்கு இறங்கிவிட்டது. கலகெதரப் பக்கமிருந்து மலேரியாக் காய்ச்சல் வீடு வீடாக ஏறி வந்தது. என் மகள் றமீலாவும் படுத்தாள். ஒரு பக்கம் ஆஸ்பத்திரியில் கொடுத்த கொயினா மருந்து. மறுபக்கம் பள்ளிவாசல் ஸெய்னுலாப்தீன் லெப்பை யாஸீன் ஓதி ஊதிக் கொடுத்த தண்ணீர். அதைப் பன்னீர்ப் போத்தலில் ஊற்றி ஜன்னலில் வைத்திருந்தாள் என் மனைவி றம்லத். அது எனக்குத் தெரியாது. ஊரெல்லாம் சேறாகக் கிடக்க, கண்ணாடிபோலத் தெளிந்த தண்ணீர் வீட்டிலேயே கிடைத்ததே என்று முழுவதையும் பஞ்சில் ஊற்றினேன்.

"போத்தல்ல ஈந்த தண்ணி எங்க?" என்றாள் றம்லத்.

"பெட்டிக்கு ஊத்தின."

"புள்ளக்கி ஓதி எடுத்த தண்ணியயா? அல்லாஹ்! ஒலகத்துல எந்த வாப்பாவாச்சும் புள்ளய உட்டுட்டு சுருட்டுக்கு மருந்து குடுப்பானா?"

"சரி, பஞ்சப் புழிஞ்சி எடுக்கவா?"

"புழிஞ்சி எங்க ஊத்தப் போற? கால் படுற எடத்துலயா? பாவத்துக்கு மேல பாவம். அது அப்பிடியே ஈக்கட்டும்."

லெப்பையிடம் மறுபடியும் ஓதி வாங்கினோம். குடித்தாள்; காய்ச்சல் இறங்கவில்லை. ஒன்றுவிட்ட ஒருநாள், அஸர் தொழுகைக்கு முன் அது வரும். அப்படியொரு பின்னேரம் ஈரம் பார்க்கலாமென்று பெட்டியைத் திறந்தேன். முகத்தில் அனல் அடித்தது. சூட்டு முள் நூற்று மூன்றில். சுருட்டுகளின் மேல் முத்து முத்தாக வேர்வை. தொட்டுப் பார்த்தேன், மரம் மட்டும் பச்சைத் தண்ணீர்போல் குளிர்ந்திருந்தது.

பயந்துபோய் ஈரச் சாக்கைப் பெட்டிமேல் போர்த்தினேன். அடுத்த அறையிலிருந்து றமீலா, "வாப்பா, குளிருது" என்றாள். சாக்கை எடுத்தேன். "இப்ப நல்லம்." மறுபடி போர்த்தினேன். பல் கிட்டுகிற சத்தம் கேட்டது. புதுத் தராசைச் சோதிப்பதுபோல் சோதித்துப் பார்த்தவன் நான். மூன்றாம் தடவைக்குப் பிறகு சாக்கை எடுத்து முற்றத்தில் எறிந்தேன்.

அதன்பிறகு கடையைக் கூலிக்காரன் பார்த்துக்கொண்டான். நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டேன். வெயில் ஏறினால் சீமெந்துத் தரைக்கு இறக்குவேன், பனி விழுந்தால் அடுப்படிக்குக் கொண்டுபோவேன். முள் எழுபதை நெருங்க நெருங்கப் பிள்ளை கஞ்சி கேட்டாள், எழுந்து உட்கார்ந்தாள், நடந்தாள். ஒருநாள் பார்த்தேன்: றம்லத் பெட்டியின் மூடியைத் தடவியபடி, "படுங்க மகள், படுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளை அப்போது முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தது.

நாற்பத்தைந்தில் தொடங்கிய புரொக்டர் விடவில்லை. பேரம் பேசியே பேரெடுத்தவன் நான்; நான் 'இல்லை' என்றால் 'இன்னும் பத்து ரூபாய்' என்றுதான் கண்டியில் அர்த்தம். கடைசியில் ஒரு பின்னேரம் காரிலேயே வந்து இறங்கினார்.

"மர்சூக் முதலாளி, கடைசி விலை. நூற்றிப்பத்து."

"விக்கிற இல்ல ஐயா. உங்கட யாழ்ப்பாணத்துல சுருட்டுக்கா பஞ்சம்?"

"எங்கட சுருட்டை ஜட்ஜ் துரைக்கு நீட்டச் சொல்லுறீரோ? நல்லாயிருக்கு. நீர் சுருட்டுப் பத்திறதுமில்லை. பிறகேன் இதைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கிறீர்?"

சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்துவிட்டார். நான் எட்டுமுன் ஒன்றை எடுத்து, காதருகே வைத்து, இரண்டு விரலுக்கிடையில் மெல்ல உருட்டினார். உள்ளே றமீலா கலகலவென்று சிரித்தாள். "வாப்பா, கூசுது!"

"அச்சாச் சாமான். இலை ஒரு சத்தமும் போடேல்லை," என்று சுருட்டைக் கோட்டுப் பையில் போட்டார் புரொக்டர்.

"ஐயா, அத வைங்க."

"என்ன விலை?"

"விலை இல்ல."

"விலை இல்லாட்டி இனாம். சட்டப்படி சொல்லுறன்."

கோட்டைப் பிடித்துக்கொண்டேன். "ஒங்கட காலப் புடிக்கிற. அத மட்டும் தாங்க."

அவர் என் கையைத் தட்டிவிட்டுச் சந்தோஷமாகச் சிரித்தார். "பார்த்தீரே, இறங்கி வாறீர்! இண்டைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு இதைப் பத்திப் பார்க்கிறன். நாளைக்கு மிச்சம் பேசுவம்."

காரின் பின்னால் வாவிக்கரை வரைக்கும் ஓடினேன். மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது விளக்கு ஏற்றியிருந்தார்கள். றமீலா சோற்றைப் பிசையாமல் தலையைத் தூக்கி மோந்துகொண்டிருந்தாள்.

"வாப்பா, யாரு நெருப்புக் குச்சி ஒரசுற?"

றம்லத் என்னைப் பார்த்தாள். நான் பெட்டியைத் திறந்து விரலால் எண்ணினேன். மேலடுக்கில் பதினொன்று, கீழடுக்கில் பன்னிரண்டு. வெளியே ஒன்று.