ஐவி வெட்டுகிறவனின் கைகள்

1

இந்தக் கதை அபுதாபியில், முசஃபா போகும் பஸ்ஸில் எனக்குக் கிடைத்தது. கிடைத்தது என்பது பொய். பக்கத்து சீட்காரர் ஒரு கேள்வி கேட்டார்: “சார், இது பெருவியாதியா இருக்குமா?” இரண்டு கைகளிலும், விரலிடுக்கெல்லாம் கொப்புளம். நான் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன். அதைப் பார்த்த பிறகும் அவர் பேசினார். பேசியதை எழுதுகிறேன்.

2

(முதல் தொடக்கம்: ‘ஐவி ஒரு குளிர்நாட்டுக் கொடி. அதன் சிறு வேர்கள் சுவரை…’ வேண்டாம். பயந்துபோனவனுக்குத் தாவரவியல் எதற்கு?)

பக்கத்து சீட்காரன் பெயர் சேதுபதி, ஊர் முதுகுளத்தூர் பக்கம். அபுதாபியில் ஒரு ஹோட்டல் லாபிச் சுவர் முழுக்க ஐவி. ஏசிக் குளிரில் மதமதவென்று வளர்ந்து கண்காணிப்புக் கேமராவையே மூடிவிடும். அதை வெட்டுவதுதான் அவன் டியூட்டி. கிளவுஸ் போட்டால் மெல்லிய தண்டு பிடிபடாது. வெறுங்கையால் வெட்டினான்.

3

முதலில் அரிப்பு, பிறகு கொப்புளம். விசா புதுப்பிக்க வியாழக்கிழமை மெடிக்கல்; தொழுநோய் என்று எழுதிவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

தொழிலாளர் கேம்ப் ரூமில் கூடத் தங்கும் ஜாபர் சாதிக் வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான்: “அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க தட்ட இனிமே தனியா வச்சுக்கங்க.”

வீடியோ காலில் மனைவி ஜோதிமணி: “பிள்ளைக்கு டாட்டா காட்டுங்க. கைய எங்க வச்சிருக்கீக?”

“நெட்வொர்க் சரியில்ல” என்று கட் பண்ணினான்.

பெருவியாதி என்றால் விரல் மரத்துப்போகுமாமே என்று ஊக்கால் குத்திப் பார்த்தான். வலித்தது, சந்தோஷமாக இருந்தது. மறுநாள் குத்தியபோது வலித்ததா இல்லையா என்றே அவனுக்குப் புரியவில்லை.

(எழுத உட்கார்ந்த பிறகுதான் தேடிப் படித்தேன். ஐவியை வெட்டும்போது கசியும் சாறு சிலருடைய தோலில் இப்படிக் கொப்பளிக்குமாம். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. சேதுபதிக்கு இது தெரியாது. அவன் நம்பரை நான் வாங்கவில்லை.)

4

ஒரு முடிவு: டாக்டர் கொப்புளத்தைப் பார்த்ததும் “களிம்பு போடு, போ” என்கிறார். எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அது என் ஆசை.

இன்னொரு முடிவு: பயத்தில் வாசலோடு திரும்பிவிடுகிறான். விசா முடிகிறது. அதற்கப்புறம் அவன்… இதை எழுதி முடிக்க எனக்குத் தைரியமில்லை.

கண்ணால் கண்டது இவ்வளவுதான்: மெடிக்கல் சென்டர் ஸ்டாப்பில் இறங்கினான். கைகளை பேன்ட் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளினான். பஸ் கிளம்பிவிட்டது.

5

உள்ளே அவன் டோக்கனைக் கூப்பிட்டாயிற்று. மேசைக்கு முன்னால் வந்து நிற்கிறான். உதடு காய்ந்திருக்கிறது. எதிரே டாக்டர் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள், என்னால் ஆகாது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கையைக் காட்டச் சொல்வதற்கு முன்னால், என்ன வேலை பார்க்கிறாய் என்று கேளுங்கள்.