அமுதவல்லி அனுப்பிய படம்

இங்கிட்டு வாங்க, கிட்டே உட்காருங்க கண்ணுகளா. ராஜா ராணி கதையில்லை. ஒரு பறவையின் காலை எண்ணின கதை. காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு கண்மாய். அதன் கரையோரம் அமுதவல்லி வீடு. புருஷன் ரெங்கராஜுக்குச் சார்ஜாவில் வேலை. போன மாதம் லீவு முடிந்து கிளம்புகிற அன்றுதான், அல்லி இலைமேல் இலைக்கோழி இட்ட நாலு முட்டையைப் பார்த்தான். அந்தப் பறவைக்கு விரல்கள் நீளம். இலை அமுங்காமல் தண்ணீர்மேல் நடக்கும். அன்றிலிருந்து போனில் முதல் கேள்வியே, "குஞ்சு பொரிச்சிருச்சா?" என்பதுதான்.

"நான் சாப்பிட்டேனான்னு ஒருநாளாச்சும் கேட்டீங்களா?"

"நீ சாப்பிடாம இருக்கமாட்ட. குஞ்சு வந்ததும் படம் அனுப்பு."

ஒரு நாள் விடியலில் குஞ்சுகள் வந்துவிட்டன. பஞ்சுருண்டைக்குக் கால் முளைத்தது போல நாலும் இலைக்கு இலை ஓடின. அமுதவல்லி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். போனை நீட்டுகிற நேரம் பார்த்து ஒரு பருந்து தாழ வந்தது. குஞ்சுகளோடு நின்ற பெரிய இலைக்கோழி கத்தியது. அவள் அண்ணாந்து பார்த்துக் குனிவதற்குள் ஒரு குஞ்சையும் காணோம். தனியாக நின்ற பெரியதை மட்டும் படம் எடுத்தாள்.

ஒரு மாதமாகக் காத்திருக்கிற மனிதனிடம் என்னவென்று சொல்வது? பொய் சொல்லவும் வாய் வரவில்லை. அந்தப் படத்தையே அனுப்பி, "குஞ்சு போச்சுங்க" என்று பேசியும் அனுப்பினாள்.

கம்பெனி பஸ்ஸுக்கு நின்றவன் உடனே கூப்பிட்டான்.

"அமுதா, கோழிக்கு எத்தனை காலு?"

"வெளையாடாதீங்க. எனக்கே மனசு சரியில்ல."

"சொல்லு."

"ரெண்டு."

"படத்தைப் பெருசு பண்ணி எண்ணு."

இறக்கைக்குக் கீழே ஈர்க்குச்சி போலக் கால்கள் தொங்கின. எண்ணினாள். பெரியதன் காலோடு சேர்த்துப் பத்து.

"நாலையும் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நிக்குது. அதுதான் தகப்பன். முட்டையிட்டதோட ஆத்தாக்காரி கெளம்பிருவா. அடைகாத்து வளக்கிறது பூரா இவன்தான். சின்னப் புள்ளையில பாத்திருக்கேன்."

"அப்ப நீங்களும் இலைக்கோழியாப் பொறந்திருந்தா வீட்டோட இருந்திருப்பீங்க."

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. "பஸ் வந்துருச்சு. நீ கரையேறு, சளி பிடிக்கப்போகுது."

அவள் ஏறவில்லை. பருந்து கண்ணுக்கு மறைகிற வரை அசையாமல் நின்றாள். இறக்கை மெல்ல விரிந்தது. முதல் குஞ்சு இலையில் குதித்துத் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. அதைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பிவிட்டாள். அன்று பஸ்ஸில் இருந்த அத்தனை பேர் கைக்கும் அந்தப் படம் போய் வந்ததாம்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எந்தச் சீமையில் இருந்தாலும், எண்ணிப் பார்க்கும்போது ஒன்றும் குறையாமல் இருக்கட்டும், கண்ணுகளா.