அபு தாரிக்கை விசாரித்த கதை

துபாய் அல் குசைஸில் எங்கள் கட்டடத்தில் யாருக்கு வரன் வந்தாலும் விசாரிக்கும் வேலை என்னிடம்தான் வரும். நானாகக் கேட்டு வாங்கியதில்லை. மற்றவர்களுக்கு நேரமில்லை, எனக்கு இருக்கிறது.

கீழ்வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பானுப்பிரியாவுக்குக் கிளினிக் ஒன்றில் ரத்தம் எடுக்கும் வேலை. முப்பது வயது. வந்த வரன்களில் பதினொன்றைப் படத்தைப் பார்த்தே தள்ளியவள், பன்னிரண்டாவதை மட்டும் விரலால் பெரிதாக்கி இரண்டு தடவை பார்த்தாள். பக்கத்திலேயே இருந்ததால் எனக்குத் தெரியும். பையன் பெயர் வேலுச்சாமி, சிவகங்கைப் பக்கம், முப்பத்தேழு வயது. புஜைராவில் எண்ணெய்த் தொட்டி கட்டும் சைட்டில் ஸ்டோரில் வேலை. ஜாதகம் பொருந்தி, இரண்டு வாரமாகப் போனில் பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. பேசிவிட்டு வரும்போது அவள் முகத்தைப் பார்த்தால் போதும், ஜாதகமே தேவையில்லை.

கரூரிலிருந்து அவள் அப்பா கோபாலசாமி என்னைக் கூப்பிட்டார். பையன் எப்படி, குடி உண்டா, வேறு தொடர்பு ஏதும் உண்டா என்று பார்த்துவிட்டு வரவேண்டுமாம். நான் சரி என்றால் தட்டு மாற்றிவிடுவார், வேண்டாம் என்றால் விட்டுவிடுவார். இவ்வளவு பெரிய பொறுப்பைத் தந்த பிறகு வீட்டில் உட்கார முடியுமா? சனிக்கிழமை காலையே என் வீட்டுக்காரர் அனந்தகிருஷ்ணனை எழுப்பி, கார் ஓட்ட வைத்துப் புஜைராவுக்குக் கிளம்பிவிட்டேன். போனிலேயே கேட்கலாமே என்றார். போனில் முகம் தெரியாது என்றேன்.

சைட் வாசலில் வேலுச்சாமி என்றால் யாருக்கும் தெரியவில்லை. படத்தைக் காட்டியதும் காவலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. இவர் அபு தாரிக் ஆயிற்றே, நல்ல மனுஷன், சின்னப் பிள்ளை சைக்கிள் ஒன்றுக்குப் பஞ்சர் ஒட்டப் போயிருக்கிறார், ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவார் என்று இந்தியில் சொன்னான்.

நான் கல்ஃபுக்கு வந்து பதினாலு வருஷம். அபு என்றால் அப்பா, உம்மு என்றால் அம்மா, பிள்ளை பெயரைச் சேர்த்துத்தான் பெற்றவர்களைக் கூப்பிடுவார்கள் என்பதுகூடவா தெரியாது? தாரிக்கின் அப்பா. கூடவே ஒரு சின்ன சைக்கிள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? இருந்து பார்த்துவிட்டே போகலாம் என்றார் இவர். வெயிலில் எதற்கு என்று நான்தான் வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

கரூருக்குக் காரிலிருந்தே சொல்லிவிட்டேன். அப்புறம் கட்டடத்தில் இரண்டு பேரிடம் மட்டும், அவர்கள் வீட்டிலும் பெண் இருக்கிறதே என்ற அக்கறையில். மலைப்பாதை தாண்டி நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் சேதி வளர்ந்து எனக்கே திரும்பி வந்தது. தாரிக்கின் அம்மா நர்ஸாம். பையன் இரண்டாம் வகுப்பாம். வகுப்பெல்லாம் நான் சொல்லவேயில்லை.

பானு மேலே வந்தாள். அழுதிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன், அழவில்லை. இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டாராம். தாரிக்கைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். இல்லை. அவன் அம்மாவை? இல்லை.

"அந்த சைக்கிளயாவது பாத்தீங்களாக்கா?"

சைக்கிளையும் நான் பார்க்கவில்லை. போனை மேஜைமேல் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, வேலுச்சாமியையே கூப்பிட்டாள்.

"தாரிக் யாருங்க?"

நான் நாற்காலியை மேஜைக்குக் கிட்டே நகர்த்திக்கொண்டேன்.

"அப்பிடி ஆரும் இல்லைங்க. பேரு மட்டுந்தான்."

ஸ்டோருக்கு மேலாள் ஒரு சூடான்காரர். அவருக்கு அஃபீஃபா என்று ஒரு மகள், அதனால் அபு அஃபீஃபா. வளர்ந்த ஆம்பளையை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவருக்கு மரியாதைக்குறைவாம். பிள்ளையில்லாதவனாக இருந்தாலும் ஒரு பிள்ளையின் பெயரைக் கொடுத்துத்தான் கூப்பிடுவாராம். கல்யாணமாகிப் பிள்ளை வரட்டும், அதுவரை இதை வைத்துக்கொள் என்று தாரிக்கைக் கொடுத்தவரும் அவர்தான். பஞ்சரான சைக்கிள் அஃபீஃபாவுடையது.

"சைட்ல என்னைய டேய் வேலும்பாங்க, இல்லாட்டி பேட்ஜ் நம்பரு. இவரு ஒருத்தருதாங்க எந்திரிச்சு நின்னு கை குடுத்துக் கூப்புடுவாரு. உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். பிடிக்கலன்னா சொல்லுங்க, இனிமே அப்பிடிக் கூப்புட வேணாம்னு சொல்லிர்றேன்."

சோபாவிலிருந்து என் வீட்டுக்காரர்தான் வாயைத் திறந்தார்.

"பதினாலு வருஷமா நீ என்னை ரக்ஷிதாப்பான்னுதானே கூப்புடற. இந்தக் கட்டடத்துல எத்தனை பேருக்கு என் பேரு தெரியும்?"

நாம் ரக்ஷிதாவைப் பெற்ற பிறகுதானே கூப்பிட ஆரம்பித்தேன் என்றேன். ஆதாரத்தோடு பேசுகிறவள் நீ என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

பானு அந்த மேலாளிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். வந்தவர் யார் பேசுகிறது என்று முதலில் கேட்டார். பின்னாலிருந்து வேலுச்சாமி தயங்கித் தயங்கி ஏதோ சொன்னார். உடனே அரபி வரவேற்பில் ஸ்பீக்கர் அதிர்ந்தது.

"அஹ்லன், உம்மு தாரிக்!"

பானு வாயைப் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கில் சிரிப்பு கசிந்தது. அவர் இந்தியிலும் அரபியிலுமாக வேலுச்சாமியின் குணங்களை வரிசையாகச் சொல்ல, கேட்டு முடித்து, போனை மறுபடி வேலுச்சாமியிடமே கொடுக்கச் சொன்னாள்.

"அந்தப் பேரு இருக்கட்டுங்க," என்றாள். போனை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அக்கா, யார் யாருகிட்ட சொன்னீங்களோ அதே வரிசையில திரும்பச் சொல்லிருங்க. மொதல்ல எங்கப்பா."

கோபாலசாமிக்கு மூன்று தடவை விளக்க வேண்டியிருந்தது. எல்லாம் புரிந்தது என்று சொல்லிவிட்டு, ஒரே ஒரு சந்தேகம் என்றார். "அப்ப அந்தத் தாரிக்க இப்ப யாருங்க பாத்துக்கறாங்க?"

நாலாவது தடவை என் வீட்டுக்காரர் போனை வாங்கி விளக்கினார். தை மாதம் நிச்சயம் என்று அன்றைக்கே முடிவானது. கட்டடத்துக்குள்தான் இன்னும் முடியவில்லை. பொய் லிப்டில் ஏறிய வேகத்துக்கு நான் படியில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். நேற்றுக்கூட இரண்டாம் மாடியில் ஒருத்தி, தாரிக்குக்குப் பரீட்சை முடிந்துவிட்டதா என்று கேட்டாள்.

போன வாரம் பானு என் சமையலறையில் காபி கலந்துகொண்டிருந்தபோது மேஜைமேல் அவள் போன் அடித்தது. எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கில்லை. கண் அந்தப் பக்கம் போய்விட்டது. புஜைராக்காரர்தான். பன்னிரண்டாவது வரனின் அதே படம், அதன் கீழே அவள் போட்டு வைத்திருந்த பெயர்: தாரிக் அப்பா.