வேலி மூலையில் நின்ற கார்

ஊர்காவற்றுறையில் கந்தோர் வேலை, நாரந்தனையில் வீடு. இந்தச் சின்னத் தூரத்துக்கு சுதாகரனின் கார் குடிக்கிற பெற்றோலைப் பார்த்து ஊரே சிரித்தது. மற்றவர்களுக்கு ஒரு மாதம் வருவது இவனுக்கு இரண்டு கிழமைக்கே காணாது.

காரணம் சுதாகரனுக்குத் தெரியும். மனைவி நிருஜாவுக்குத்தான் தெரியாது.

பின்னேரம் கந்தோர் விட்டதும் நேரே வருவான். வீட்டுக்கு முந்தின வளைவில், ஓலைவேலி மூலையோடு காரை நிறுத்துவான். எஞ்சினை நிறுத்தமாட்டான், ஏ.சி. ஓடவேண்டுமே! சீற்றைச் சரித்துப் போட்டுப் போனை நோண்டிக்கொண்டு கிடப்பான். அந்த நேரத்தில்தான் வீட்டுக்குள் நிருஜா, படுக்கையாய்க் கிடக்கிற அவனுடைய அப்பாவைத் தனியாகப் புரட்டிக் கழுவி உடுப்பு மாற்றுவாள். பெற்ற தகப்பனின் அழுக்கைத் தொட மகனுக்குக் கை கூசியது. எல்லாம் முடிந்திருக்கும் என்று தெரிந்த பிறகு, முகத்தில் களைப்பை வரவழைத்துக்கொண்டு உள்ளே போவான். முதலில் ஐந்து நிமிடம் நின்றவன், இப்போது முக்கால் மணித்தியாலம் நிற்கிறான். வெட்கம் இல்லாமல் இல்லை. வெட்கமும் இருந்தது, குளிர்காற்றும் இருந்தது.

சனிக்கிழமை, பக்கத்து வீட்டுப் பரிமளம் அக்காவை மாமனாருக்குத் துணையாக இருத்திவிட்டு, நிருஜா அவனையும் காரையும் பாலசிங்கத்தின் கராஜுக்கு இழுத்துக்கொண்டு போனாள். பாலசிங்கம் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். ரயர்களுக்குக் காற்றுப் பார்த்தார். பிறேக் இறுகிப் பிடிக்கிறதோ என்று சில்லுகளைச் சுற்றிவிட்டார். ஒன்றும் அகப்படவில்லை.

"கிட்டத்து ஓட்டம் ஒரு காரணந்தான், தங்கச்சி. எஞ்சின் சூடேற முதலே வீடு வந்திடும், பெற்றோல் கூடத்தான் போகும். எண்டாலும் இவ்வளவு போகாது" என்றவர், சுதாகரன் பக்கம் திரும்பினார். "தம்பி, எங்கையும் எஞ்சினை ஓடவிட்டிட்டுக் கனநேரம் நிக்கிறனீரோ?"

சுதாகரன் வாயைத் திறந்தான். நிருஜா முந்திவிட்டாள்.

"இவரோ? நல்ல கதை! வழியில ஒரு தேத்தண்ணி குடிக்கவும் நிக்கமாட்டார், அண்ணை. கந்தோரில பிந்தித்தான் விடுகினம். மாமா படுக்கையில எண்டு அந்தரப்பட்டு ஓடி வாறவர். வந்து சேரேக்கை முகத்தைப் பாக்க ஏலாது, பாவம்."

பாலசிங்கம் சுதாகரனைப் பார்த்தார். சுதாகரன் சில்லைப் பார்த்தான். அவள் ஏசியிருந்தால் தாங்கியிருப்பான். அந்தப் 'பாவம்' காது மடல்வரை சுட்டது.

"அப்ப இன்னொருக்காக் கொண்டுவாங்கோ, பாப்பம்" என்று பாலசிங்கம் கையைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போதும் நிருஜா விடவில்லை. "பெற்றோல் போனால் போகட்டும், நீங்கள் யோசிக்காதேங்கோ. மோட்டச்சைக்கிள்ல வெயிலுக்குள்ள போய் வாறதைவிட இது பரவாயில்லை. அவ்வளவு களைச்சு வாறனீங்கள்."

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. வளைவில் காரை நிறுத்தி எஞ்சினையும் நிறுத்தினான்.

"இவடத்திலைதான், நிருஜா."

"என்ன இவடத்திலை?"

சொன்னான். ஏ.சி.யை, போனை, அவள் கழுவி முடிக்கும்வரை பார்த்திருந்ததை, ஒன்றையும் விடவில்லை. இனிக் கத்துவாள் என்று காத்திருந்தான்.

நிருஜா கத்தவில்லை. வேலிக்கு மேலால் தெரிந்த மாமனாரின் அறை யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா முந்தி ஒவ்வொரு நாளும் சொல்லுறவர். 'சுதா வந்திட்டான், கார்ச் சத்தம் கேக்குது. கொஞ்சம் பொறு பிள்ளை, அவன் வந்து ஒரு கை பிடிப்பான்' எண்டு. நான் வாசல் படலையடிக்குப் போய்ப் பாப்பன். கார் இருக்காது. மனிசனுக்கு மாறாட்டம் எண்டு டொக்டரிட்டைச் சொல்லிக் குளிசை வாங்கினனான்."

நிருஜா அவன் பக்கம் திரும்பினாள்.

"இப்ப, சத்தம் கேக்குதோ மாமா எண்டு கேட்டால், இல்லைப் பிள்ளை எண்டுறார். குளிசை வேலை செய்யுது எண்டு நான் சந்தோசப்பட்டனான்."

அவள் இறங்கி வீட்டுக்கு நடந்தாள். அப்பாவுக்குச் சத்தம் கேட்காமல் போகவில்லை. மகனைக் காட்டிக்கொடுக்கத்தான் மனம் வரவில்லை. நாள்தவறாமல் காதில் விழுந்ததை இல்லை என்று சொல்லி, தேவையில்லாத குளிசையையும் விழுங்கிக்கொண்டு கிடந்திருக்கிறார். அந்த மனிதனின் முகத்தில் எப்படி முழிப்பது என்று தெரியாமல், சுதாகரன் எஞ்சின் ஓடாத காருக்குள் வியர்த்துப்போய் இருந்தான்.